மார்ச் மாசத்துல 32 டீம் போடுற கணக்கு: அமெரிக்க ஃபுட்பால் ரசிகர் சண்டையிலிருந்து உங்க சம்பளத்துக்கு 5 பாடம்



என் சித்தப்பா பையன் நியூ ஜெர்சி எடிசன்ல இருக்கான். நியூயார்க் ஜெயன்ட்ஸ் டீமோட தீவிர ரசிகன். பேர்தான் நியூயார்க், மைதானம் இருக்கிறது நியூ ஜெர்சியிலதான். வருஷா வருஷம் மார்ச் வந்தா அவன்கிட்ட இருந்து எனக்கு கால் வந்துடும். "அண்ணா, நீ சிஏ தானே? நீயே சொல்லு, இந்த கான்ட்ராக்டுக்கு இவ்வளவு குடுக்கலாமா?"

முதல் ரெண்டு வருஷம் நான் "ம்ம், ம்ம்"னு கேட்டுட்டு வச்சிடுவேன். அப்புறம் ஒரு நாள் அவன் சொன்ன விதிகளை ஒரு பேப்பர்ல எழுதிப் பார்த்தேன். அட, இது என்கிட்ட வர்ற 27 வயசுப் பசங்களோட சம்பளக் கணக்கு மாதிரியே இருக்கேன்னு தோணுச்சு. அதுதான் இந்தப் பதிவு.

இங்க ஃபுட்பால்னு நான் சொல்றது நம்ம ஊர் கால்பந்து இல்ல. ஹெல்மெட் போட்டு, முட்டை வடிவப் பந்தை வச்சு ஆடுற அமெரிக்கன் ஃபுட்பால். லீக் பேரு என்எஃப்எல், மொத்தம் 32 டீம். ஆட்டம் தெரியலைன்னாலும் பரவாயில்ல, கணக்கு மட்டும் புரிஞ்சா போதும்.

முதல்ல விதி: சேலரி கேப்

ஐபிஎல் ஏலத்துல ஒவ்வொரு டீமுக்கும் இவ்வளவுதான் பணம்னு ஒரு வரம்பு இருக்குல்ல? அதே மாதிரி என்எஃப்எல்ல 1994-ல இருந்து சேலரி கேப் இருக்கு. முதல் வருஷம் 3.46 கோடி டாலர். 2024-ல 25.54 கோடி, 2025-ல 27.92 கோடி. ஓனர் எவ்வளவு பெரிய பணக்காரரா இருந்தாலும் இதுக்குள்ளதான் 53 பேர் கொண்ட டீமை நடத்தணும்.

மார்ச் நடுவுல புது லீக் வருஷம் ஆரம்பிக்கும். கான்ட்ராக்ட் முடிஞ்ச ஆட்டக்காரங்க யார்கிட்ட வேணும்னாலும் போகலாம். இதுக்குப் பேரு ஃப்ரீ ஏஜென்சி. ரசிகர் சண்டை தொடங்குறதும் இங்கதான். "அந்த ரிசீவரை எடுங்க", "வேணாம், முதல்ல லைன் பலவீனமா இருக்கு", "இவருக்கு 30 வயசாச்சு, எதுக்கு நாலு வருஷம்?"

ஒரு விதியை மட்டும் கவனமா படிங்க, மீதி எல்லாம் இதுல இருந்துதான் வருது. ஒரு ஆட்டக்காரருக்கு சைனிங் போனஸ் குடுத்தா, பணம் அவர் கைக்கு சீக்கிரமே போயிடும். ஆனா கேப் கணக்குல அதை அதிகபட்சம் 5 வருஷத்துக்குப் பிரிச்சு எழுதலாம். எங்க பாஷையில இது அமார்ட்டைசேஷன். நடுவுல அவரை டீமை விட்டு அனுப்பினா, இன்னும் எழுதாம மிச்சம் இருக்கிற தொகை மொத்தமா கேப்ல வந்து விழும். ஆள் இல்ல, செலவு மட்டும் இருக்கு. இதுக்குப் பேரு டெட் மணி.

இப்போ பாடத்துக்குப் போவோம்.

பாடம் 1: ஒரு நல்ல வருஷத்தை நம்பி நாலு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடாதீங்க

2022 சீசன்ல ஜெயன்ட்ஸ் ரொம்ப நாளைக்கப்புறம் பிளேஆஃப் போய் ஒரு மேட்ச்சும் ஜெயிச்சாங்க. குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸுக்கு அது நல்ல வருஷம். அந்த சூட்டோட 2023 மார்ச்ல அவருக்கு 4 வருஷத்துக்கு 16 கோடி டாலர் கான்ட்ராக்ட். அடுத்த சீசன்லயே அவருக்குக் காயம். 2024 நவம்பர்ல டீமே அவரை அனுப்பிடுச்சு.

இதே டீம்ல சாக்வான் பார்க்லின்னு ஒரு ரன்னிங் பேக். ரன்னிங் பேக்குக்கு அதிகம் குடுக்கக் கூடாதுங்கிறது அந்தக் காலகட்டத்துல பல டீம்களோட எண்ணம். 2024 மார்ச்ல ஜெயன்ட்ஸ் அவரைப் போக விட்டாங்க. அவர் நேரா பரம எதிரியான பிலடெல்ஃபியா ஈகிள்ஸ்ல 3 வருஷத்துக்கு 3.775 கோடி டாலருக்குச் சேர்ந்தார். அந்த ஒரே சீசன்ல 2,005 கெஜம் ஓடினார். ஈகிள்ஸ் 2025 பிப்ரவரியில சூப்பர் பௌல் ஜெயிச்சாங்க. ஜெயன்ட்ஸ் அந்த சீசன்ல 17 மேட்ச்ல 3 மட்டும்தான் ஜெயிச்சாங்க.

என் தம்பி அன்னிக்கு போன்ல பேசவே இல்ல. "அண்ணா, அப்புறம் கூப்பிடுறேன்"னு வச்சிட்டான்.

ஆனா நியாயமா ஒண்ணு சொல்லணும். பார்க்லி ஜெயன்ட்ஸ்லயே இருந்திருந்தா 2,005 கெஜம் ஓடியிருப்பாரான்னு சொல்ல முடியாது. ஈகிள்ஸோட அஃபென்சிவ் லைன், அதாவது முன்னாடி நின்னு அவருக்கு வழி பண்ணிக் குடுக்கிற அஞ்சு பேர், லீக்லயே வலுவானவங்கள்ல சேர்த்தி. ஜெயன்ட்ஸ்ல பல வருஷமா பலவீனமே அந்த லைன்தான். அதனால தப்பு பார்க்லியை விட்டது மட்டுமில்ல. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, ஒரே ஒரு நல்ல சீசனைப் பார்த்து பெரிய தொகையைக் கட்டிப் போட்டதுதான் பெரிய தப்பு.

உங்க கதைக்கு வருவோம். அப்ரைசல்ல 30 சதவீதம் ஏறுச்சு, வேரியபிள் பே முழுசா வந்துச்சு. அந்த மாசமே 7 வருஷ கார் லோன். போனஸ் ஒரு வருஷத்து வருமானம், இஎம்ஐ 84 மாசத்துச் செலவு. கமிட்மென்ட் போடுறப்போ உங்க சராசரி வருஷத்தை வச்சுப் போடுங்க, சிறந்த வருஷத்தை வச்சுப் போடாதீங்க. வேரியபிள் பே வந்தா வரட்டும், அதை நம்பி இஎம்ஐ வேணாம்.

பாடம் 2: ப்ரொபேஷன் முடியட்டும்

2022 மார்ச்ல டென்வர் ப்ராங்கோஸ் டீம், ரஸ்ஸல் வில்சன்ங்கிற பெரிய குவார்ட்டர்பேக்கை சியாட்டில்ல இருந்து வாங்கினாங்க. அவரோட பழைய கான்ட்ராக்ட்ல இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருந்துச்சு. பொறுத்துப் பார்த்திருக்கலாம். ஆனா செப்டம்பர்ல, டென்வருக்காக அவர் ஒரு சீசன் மேட்ச் கூட ஆடறதுக்கு முன்னாடியே, கூடுதலா 5 வருஷத்துக்கு 24 கோடி டாலருக்கு மேல கையெழுத்துப் போட்டுட்டாங்க.

ரெண்டே சீசன்ல உறவு முடிஞ்சுது. 2024 மார்ச்ல அவரை அனுப்பினாங்க. டெட் மணி சுமார் 8.5 கோடி டாலர், அதுவரை லீக்ல இல்லாத அளவு. 2024-ல சுமார் 5.3 கோடி, 2025-ல 3.2 கோடின்னு பிரிச்சாங்க. 2024 கேப்ல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல, டீம்லயே இல்லாத ஒருத்தருக்காகப் போச்சு. அதே வருஷம் அவர் பிட்ஸ்பர்க் டீமுக்கு ஆடினார். அந்த டீம் குடுத்தது வெறும் 12.1 லட்சம் டாலர்.

இது நம்ம ஊர்ல எப்படி நடக்கும்? புது கம்பெனி, புது ஊர், சேர்ந்து ரெண்டு மாசம். "ஆஃபீஸ் பக்கத்துலயே ஃப்ளாட் கிடைச்சுது சார்"னு ப்ரொபேஷன் லெட்டர் கைக்கு வர்றதுக்குள்ள புக்கிங் அட்வான்ஸ் கட்டிடுவாங்க. மேனேஜர் மாறுறார், ப்ராஜெக்ட் மூடுது, வேற ஊருக்குப் போகணும். ஃப்ளாட் இங்க, நீங்க அங்க. புது வேலையில ஒரு முழு வருஷம் ஓடட்டும், அப்புறம் பெரிய கையெழுத்து.

இந்தக் கதையில இன்னொரு பாதியும் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா தப்பு. டென்வர் அந்த வலியை ரெண்டு வருஷத்துக்குள்ள முழுங்கிட்டாங்க. 2024 ட்ராஃப்ட்ல போ நிக்ஸ்ங்கிற புதுப் பையனை எடுத்தாங்க. புது ஆட்டக்காரங்களுக்கு சம்பளம் கம்மி. அவனை வச்சு அதே சீசன்லயே பிளேஆஃப் போனாங்க. தப்பான லோன்ல மாட்டிக்கிட்டா உலகம் முடிஞ்சுடாது. ஒத்துக்கிட்டு, சீக்கிரம் அடைச்சு, ரெண்டு வருஷம் சிக்கனமா இருந்து வெளிய வந்துடலாம். மூடி மறைச்சுத் தள்ளிப்போடுறதுதான் ஆபத்து. அதுதான் அடுத்த பாடம்.

பாடம் 3: "இஎம்ஐ அதே தான், கையில பணம் வேற வருது"

நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் டீமோட ஜெனரல் மேனேஜர் மிக்கி லூமிஸ், ரீஸ்ட்ரக்சர் பண்றதுல பேர் போனவர். ரீஸ்ட்ரக்சர்னா ரொம்ப சிம்பிள். ஒருத்தருக்கு இந்த வருஷ சம்பளம் 2 கோடி டாலர்னு வைங்க. அதைப் போனஸா மாத்தி 5 வருஷத்துக்குப் பிரிச்சா, இந்த வருஷக் கணக்குல 40 லட்சம்தான் வரும். 1.6 கோடிக்கு இடம் கிடைச்சுடுச்சு. ஆனா அடுத்த நாலு வருஷமும் 40, 40 லட்சமா வந்து நிக்கும்.

2021-ல அவங்க நட்சத்திரம் ட்ரூ ப்ரீஸ் ஓய்வு பெற்றார். அந்த வருஷம் கேப்பை விட சுமார் 10 கோடி டாலர் அதிகமா இருந்தாங்க. ரீஸ்ட்ரக்சர் பண்ணி சமாளிச்சாங்க. அடுத்த வருஷமும் அதே, அதுக்கடுத்த வருஷமும் அதே. 2023-ல டெரெக் கார்ங்கிற குவார்ட்டர்பேக்குக்கு 4 வருஷத்துக்கு 15 கோடி. 2025 மே மாசம் அவர் தோள்பட்டைக் காயத்தால ஓய்வை அறிவிச்சுட்டார். 2021 முதல் 2024 வரை நாலு சீசனும் பிளேஆஃப் கிடையாது. 2024-ல 5 ஜெயம், 12 தோல்வி. ஒவ்வொரு மார்ச்சும் "இந்த வருஷம் எப்படித் தப்பிக்கப் போறோம்"னுதான் அந்த ரசிகர்கள் பேச்சு ஆரம்பிக்கும், "யாரை எடுக்கலாம்"னு இல்ல.

இப்போ நம்ம கணக்கு. பேனா எடுங்க.

- பர்சனல் லோன் ₹5 லட்சம், 14 சதவீதம், 5 வருஷம். இஎம்ஐ ₹11,634.
- 2 வருஷம் கட்டியாச்சு. கட்டின தொகை ₹2,79,216. அசல் பாக்கி இன்னும் சுமார் ₹3.40 லட்சம். ஆரம்பத்துல வட்டிப் பங்கு பின்னாடியை விட அதிகமா இருக்கும்.
- இப்போ ஒரு கால் வருது: "சார், உங்களுக்கு டாப்-அப் அப்ரூவ் ஆயிருக்கு. புது லோன் ₹5 லட்சம். பழசை நாங்களே க்ளோஸ் பண்ணிடுவோம், ₹1.60 லட்சம் உங்க அக்கவுண்டுக்கு வரும். இஎம்ஐ அதே ₹11,634 தான்."

கேட்க நல்லா இருக்கு. மாச பட்ஜெட்ல ஒரு ரூபாய் கூட மாறல, கையில ஒண்ணரை லட்சத்துக்கு மேல. ஆனா இன்னும் 36 இஎம்ஐ கட்ட வேண்டியவங்க, இனிமே 60 கட்டணும். கூடுதல் 24 மாசம் × ₹11,634 = ₹2,79,216. அதாவது ₹1.60 லட்சம் வாங்க ₹2.79 லட்சம் குடுக்கிறீங்க. ப்ராசஸிங் ஃபீஸும், அது மேல ஜிஎஸ்டியும் தனி.

செயின்ட்ஸ் தள்ளிப்போட்டதுக்கு வட்டி கிடையாது. உங்களுக்கு 14 சதவீதம். அவங்களுக்கே மூச்சு முட்டுச்சுன்னா நமக்கு?

நோ காஸ்ட் இஎம்ஐயும் இந்த ரகம்தான். வட்டியைத் தள்ளுபடியா கழிச்சுக் காட்டுவாங்க. ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி உங்க கார்டு பில்லுல வரும், பல சமயம் ப்ராசஸிங் ஃபீஸும் வரும். தொகை சின்னதுதான். ஆனா மூணு நாலு இஎம்ஐ ஒண்ணா ஓடினா, அடுத்த மாசச் சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே செலவாகி முடிஞ்சிருக்கும்.

பாடம் 4: எல்லாத் தள்ளிப்போடலும் தப்பில்ல

இங்க ஒருத்தர் கேட்பீங்க: "ஈகிள்ஸும் செலவை எதிர்காலத்துக்குத் தள்ளுறாங்களே, அவங்க மட்டும் எப்படி ஜெயிச்சாங்க?" நல்ல கேள்வி. அவங்க ஜெனரல் மேனேஜர் ஹோவி ரோஸ்மேன் இதே போனஸ் உத்தியை தாராளமா பயன்படுத்துறவர்தான்.

வித்தியாசம், எதை வாங்குறதுக்காகத் தள்ளுறோம்ங்கிறதுல இருக்கு. ஈகிள்ஸ் அவங்க இளம் ஆட்டக்காரங்களுக்கு சீக்கிரமே நீண்ட கான்ட்ராக்ட் குடுப்பாங்க. குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸுக்கு 2023 ஏப்ரல்ல 5 வருஷத்துக்கு 25.5 கோடி டாலர் குடுத்தப்போ அவருக்கு வயசு 24. கேப் வருஷா வருஷம் ஏறும், அதனால இன்னிக்குப் போட்ட விலை நாளைக்கு மலிவாத் தெரியும். வயசான ஆட்டக்காரரைத் தக்கவைக்கப் பணத்தைத் தள்ளினா, பில் வர்ற வருஷம் அவர் ஆட மாட்டார்.

நமக்கும் இதே கேள்விதான்: கடைசி இஎம்ஐ கட்டுற அன்னிக்கு, நான் வாங்கினது எனக்கு இன்னும் உழைச்சுக்கிட்டு இருக்குமா? சம்பளத்தை ஏத்துற ஒரு படிப்பு, குடியிருக்கப் போற வீடு, தொழிலுக்கு வேணும்ங்கிற லேப்டாப்: பெரும்பாலும் ஆமா. 5 வருஷ லோன்ல போன டூர், ஒரு நாள் ரிசப்ஷன்: இல்ல. அதெல்லாம் முதல் நாளே டெட் மணி.

பாடம் 5: கேப் ஏறிக்கிட்டே இருக்காது

ரசிகர்கள் அடிக்கடி சொல்ற வார்த்தை, "அடுத்த வருஷம் கேப் ஏறும், சமாளிச்சுக்கலாம்." 2020-ல கேப் 19.82 கோடி டாலர். கொரோனாவால மைதானம் காலி, வருமானம் போச்சு. 2021-ல கேப் 18.25 கோடியா இறங்கிடுச்சு. ஏறும்னு நம்பித் தள்ளிப்போட்டவங்கள்ல பலர் அந்த மார்ச்ல நல்ல ஆட்டக்காரங்களை வெளிய அனுப்ப வேண்டியதாச்சு.

இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கல, பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். 2019-ல வேலை மாறினேன், நல்ல ஹைக். சிஏ வேற, கணக்கெல்லாம் நமக்குத் தெரியாததான்னு ஒரு தெனாவெட்டு. கார் லோன் எடுத்தேன், பெரிய வீட்டுக்கு வாடகைக்குப் போனேன். எமர்ஜென்சி ஃபண்ட் "அடுத்த இன்க்ரிமென்ட்ல இருந்து" ஆரம்பிக்கலாம்னு வச்சிருந்தேன். 2020 மே மாசம் சம்பளத்துல 30 சதவீதம் வெட்டு. ரிசர்வ் வங்கி குடுத்த மொராட்டோரியத்தை எடுத்தேன். இஎம்ஐ நின்னுச்சு, வட்டி நிக்கல. ஆகஸ்ட்ல அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தப்போ கையில காசு இல்ல. அம்மா எதுவும் கேட்காம ரெண்டு வளையலைக் கழட்டிக் குடுத்தாங்க. அடகுக்கடை ரசீதுல நான் கையெழுத்துப் போட்டேன். ஊருக்கே டாக்ஸ் ப்ளானிங் சொல்லித் தர்ற நான்.

வளையலை மீட்க 14 மாசம் ஆச்சு. அந்த ரசீதை இன்னும் பர்ஸ்ல வச்சிருக்கேன். இந்தச் சேனலை நான் ஆரம்பிச்சதுக்குக் காரணமும் அதுதான்.

என்எஃப்எல்ல ஒரு நல்ல விதி: இந்த வருஷம் செலவு பண்ணாம மிச்சம் வச்ச கேப்பை அடுத்த வருஷத்துக்கு எடுத்துட்டுப் போகலாம். நம்ம எமர்ஜென்சி ஃபண்ட் அதேதான். ஆறு மாசச் செலவு, லிக்விட் ஃபண்ட்லயோ ஸ்வீப்-இன் எஃப்டியிலயோ. அதுல லாபம் எதிர்பார்க்காதீங்க, அதோட வேலை அது இல்ல.

பயிற்சி: உங்க ரோஸ்டர் ஷீட்

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்க.

1. மேல உங்க கேப்பை எழுதுங்க. சிடிசி இல்ல, வேரியபிள் இல்ல, மாசம் அக்கவுண்ட்ல விழுற தொகை. உதாரணத்துக்கு ₹60,000.

2. கீழ ஏற்கனவே கையெழுத்துப் போட்டதை எல்லாம் எழுதுங்க. பக்கத்துலயே அது எந்த மாசம், எந்த வருஷம் முடியுதுன்னும் எழுதுங்க:

- வாடகை ₹15,000
- வீட்டுக்கு அனுப்புறது ₹10,000
- பர்சனல் லோன் ₹11,634
- போன் இஎம்ஐ ₹4,000
- எஸ்ஐபி ₹5,000
- இன்ஷூரன்ஸ் ₹1,500

மொத்தம் ₹47,134. மிச்சம் ₹12,866. சாப்பாடு, பெட்ரோல், ரீசார்ஜ், சினிமா எல்லாம் இதுக்குள்ள. இந்த உதாரணத்துல இஎம்ஐ மட்டும் ₹15,634, சம்பளத்துல 26 சதவீதம். என் வரம்பு 30. அதைத் தாண்டினா புதுசா எதுக்கும் கையெழுத்து வேணாம்.

3. ஒவ்வொரு வரிக்கும் "இன்னிக்கே நிறுத்தினா எவ்வளவு டெட் மணி?"ன்னு எழுதுங்க. வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் பீரியட். பர்சனல் லோனுக்கு அசல் பாக்கியும் ஃபோர்குளோஷர் சார்ஜும். உங்க பேர்ல இருக்கிற ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது, அதனால உபரிப் பணம் வந்தா தைரியமா கட்டலாம்.

4. பேர் எழுதறதுக்கு முன்னாடி தேவையை எழுதுங்க. ரசிகர் எல்லாரும் பந்து பிடிக்கிற ரிசீவர் பேரைத்தான் கத்துவாங்க. லைன்ல நிக்கிற அஞ்சு பேர் பேரு யாருக்கும் ஞாபகம் வராது, ஆனா அவங்க விழுந்தா குவார்ட்டர்பேக் விழுவார். உங்க அஃபென்சிவ் லைன்: எமர்ஜென்சி ஃபண்ட், கம்பெனி பாலிசி தவிர உங்க பேர்ல தனியா ஒரு ஹெல்த் இன்ஷூரன்ஸ், உங்களை நம்பி யாராவது இருந்தா டேர்ம் இன்ஷூரன்ஸ். வேலை போனா கம்பெனி பாலிசியும் கூடவே போயிடும்ங்கிறதை மறந்துடாதீங்க. இந்த மூணும் நின்னதுக்கு அப்புறம் ஸ்டாக், காயின், புது பைக் எல்லாம் பேசலாம்.

5. ஏதாவது ஒரு வரியை இந்த வருஷத்துக்குள்ள அழிக்க முடியுமான்னு பாருங்க. மேல உள்ள உதாரணத்துல போன் இஎம்ஐ முடிஞ்ச உடனே அந்த ₹4,000-ஐ எமர்ஜென்சி ஃபண்டுக்குத் திருப்பி விடுங்க. ஒரு வருஷத்துல ₹48,000. அதுக்குள்ள அடுத்த போன் வந்துடக் கூடாது, அவ்வளவுதான்.

போன வாரம் என் தம்பி கூப்பிட்டான். வழக்கம்போல யாரை எடுக்கணும்னு ஒரு லிஸ்ட் வச்சிருந்தான். "எல்லாம் சரிடா, உன் கார் லீஸ் எப்போ முடியுது?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "அண்ணா, நீ டீம் பத்திப் பேசு"ன்னான்.

அவன் டீமுக்கு ஒரு ஜெனரல் மேனேஜர் இருக்கார். தப்பு பண்ணா வேலை போகும், வேற ஒருத்தர் வருவார். உங்க சம்பளத்துக்கு ஜெனரல் மேனேஜர் நீங்க ஒருத்தர்தான். மாத்துறதுக்கு ஆள் இல்ல.

ரோஸ்டர் ஷீட்டை எக்செல்ல எப்படிப் போடுறதுன்னு இந்த வார வீடியோவுல செஞ்சு காட்டியிருக்கேன், பாருங்க. ஷீட் போட்டுப் பார்த்துட்டு மூணாவது வரிசையில உங்களுக்கு வந்த டெட் மணி எவ்வளவுன்னு கீழ எழுதுங்க, பேர் போட வேணாம். இது பொதுவான புரிதலுக்காக எழுதினது. பெரிய முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி உங்க நிலைமையைத் தெரிஞ்ச ஒரு ஆலோசகர்கிட்ட ஒரு தடவை பேசிடுங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்.